காருக்கு அடியில் அத்திம்பேர்

என் அத்திம்பேரை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய கால்கள்தான். முகம் அப்புறம்தான் வரும். கறுப்புக் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், விரித்த சாக்கின்மேல், முழங்காலுக்குக் கீழே மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெளுத்த கால்கள். யாராவது வாசலில் வந்து "சார் இருக்காரா?" என்று கேட்டால் நாங்கள் கையைக் காட்டுவோம். வந்தவர்கள் அந்தக் கால்களிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் உள்ளிருந்தே, "ஆகட்டும், நாளைக்கு வரேன்" என்று மரியாதையாகப் பதில் சொல்லுவார்.

அவர் என் அக்காவின் கணவர். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தார். நாடு சுதந்திரமாகி ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோட்டைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. சுசீந்திரத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வலியசாலையில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே ஆறு வருஷம் இருந்தேன். அந்த ஆறு வருஷத்தில் அத்திம்பேர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒரு சுபாவம் உண்டு. யாராவது கஷ்டப்படுகிற இடத்தில் அவரால் இருக்க முடியாது. ஓடிப்போய்விடுவார் என்று சொல்லவில்லை. அந்த அறையிலேயே, அந்த வீட்டிலேயே, சரிபண்ணக்கூடிய ஏதாவது ஒன்றை அவர் கண் தேடிக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் அதுதான் அவருக்குக் காரியம்.

நான் வந்த முதல் வருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. அத்திம்பேர் காலையில் வந்து நின்று, "எப்படி இருக்கு, ராஜி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுவதற்குள் அவருடைய கண் கதவுக்குப் போய்விட்டது. திறக்கும்போதெல்லாம் அது கிறீச்சென்று சத்தம் போடும். ஜுரத்தில் கிடக்கிறவளுக்கு அந்தச் சத்தம் ஆகுமா? அன்று மத்தியானம் நான் கண்ணைத் திறந்தபோது அறைக்குக் கதவே இல்லை. வெளியே அதைப் படுக்கப்போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கதவில்லாத அறையில் கிடந்தேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய அம்மா பூதப்பாண்டியிலிருந்து வந்திருந்தபோது இன்னொன்று சொன்னாள். அவருடைய அப்பா போகிற சமயம். மழைக்காலம். படுத்திருந்த இடத்துக்கு நேர்மேலே ஓடு விலகிச் சொட்டிக்கொண்டிருந்ததாம். இவர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிவிட்டார்.

"அப்பா 'எங்கேடி அவன்'னு ரெண்டு தரம் கேட்டார்" என்றாள். "மேலே ஓடு நகர்ற சத்தம் கேட்டுது. 'அதோ, உங்க தலைக்கு மேலேதான் இருக்கான்'னேன். சரின்னு கண்ணை மூடிண்டார். இவன் இறங்கி வரச்சே எல்லாம் ஆயிடுத்து."

பிள்ளையைக் குறை சொல்லுகிற தொனி அதில் இல்லை. "சொட்டுறது நின்னுடுத்து, அது நிஜம்" என்று மட்டும் சொல்லி முடித்தாள்.

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் கடைசிவரை குழந்தை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்லப்போவதைக் கேட்டு, ஏதோ ஒரு கட்டத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கார், மலையில் தேயிலை எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரையுடையது. அவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அத்திம்பேர் வாங்கினார். கொல்லத்துக்கும் நாகர்கோவிலுக்குமாக அலைகிற வேலை அவருடையது. ரேடியேட்டருக்குத் தண்ணீர், எஞ்சினுக்கு ஆயில், டயருக்குக் காற்று என்று எல்லாவற்றையும் தினம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அக்காவுக்கு நாலாம் மாசம். சுசீந்திரத்தில் சித்தப்பா பெண்ணின் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று பேரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நெய்யாற்றின்கரை தாண்டி ஒரு ஓடைப்பாலம் மழையில் இடிந்து கிடந்தது. மெதுவாகத்தான் காரை ஓடையில் இறக்கினார். கார் ஒரு தரம் விழுந்து எழுந்தது சரி. அதற்கப்புறமும் நிற்கவில்லை. பின்பக்கம் படகு மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போயிற்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னன்னா, ஊஞ்சல் ஆட்டறேளா?" என்று சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா வயிற்றில் இருந்தது போய்விட்டது.

எங்களைப் பார்த்துவந்த டாக்டரம்மா கோட்டயம் பக்கத்துக்காரர். எங்களோடு தமிழும் மலையாளமுமாகப் பேசுவார். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "வண்டி குலுங்கினதுகொண்டு இது வராது, சாமி. நிக்கிற குழந்தை காளைவண்டியில போனாலும் நிக்கும். மனசில வெச்சுக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னார். அத்திம்பேர் தலையை ஆட்டினார்.

அந்த வாரமே சாலைக் கடைத்தெருப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துவந்தார். அந்த ஆள் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தான். கார் ஆடிக்கொண்டே இருந்தது.

"பார்த்தோ, சாமி? கை எடுத்தா உடனே நிக்கணும். இது நிக்கல்லல்லோ. ஷாக் அப்ஸார்பர்ல எண்ணெய் ஒரு துள்ளிகூட இல்லை."

"அதுக்குள்ளே எண்ணெயா?" என்று கேட்டார் அத்திம்பேர்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறதென்றும், அதிலிருந்து ஒரு கை நீண்டு அச்சோடு சேர்கிறதென்றும் மெக்கானிக் குனிந்து காட்டினான். ஸ்பிரிங் துள்ளும். பெட்டிக்குள் இருக்கிற எண்ணெய்தான் அந்தத் துள்ளலைப் பிடித்து நிறுத்தும். மேலே ஒரு திருகுமூடி இருக்கும். அதைத் திறந்து அவ்வப்போது எண்ணெய் விடவேண்டும்.

"எத்தனை நாளா இல்லாம இருந்திருக்கும்?"

"அது யாருக்கு அறியும், சாமி? துரை விக்கும்போதே இருந்திருக்காது."

மெக்கானிக் போனபிறகும் அத்திம்பேர் கார் பக்கத்திலேயே நின்றார். அன்று சாப்பிடும்போது, "அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. தெரியாம அவளை ஏத்திண்டு வந்திருக்கேன்" என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்கா உள்ளே படுத்திருந்தவள், "டாக்டரம்மாதான் அது இல்லேன்னாளே" என்றாள்.

"அவாளுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் கால்கள் தென்பட ஆரம்பித்தன. முதலில் மூடியைச் சுற்றியிருக்கிற சேற்றையெல்லாம் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். ஒரு மண் துகள் உள்ளே விழுந்தால் போச்சாம். அப்புறம் ஸ்பேனரால் மூடியைத் திருகி எடுப்பார். வளைந்த மூக்குள்ள ஒரு கேனால், வழிகிற மட்டும் எண்ணெய் விடுவார். உள்ளே காற்றுக் குமிழி நின்றுவிடக் கூடாது என்பதற்காகக் காரை ஆட்டவேண்டும். மல் வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காரின் படிமேல் ஏறி நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் மேலும் கீழும் குதிப்பார். தெருக்குழந்தைகள் கூடிவிடும். எதிர்வீட்டில் ஜன்னல்கள் திறக்கும். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. குதித்துவிட்டு மறுபடியும் சாக்கில் படுத்து, குறைந்த அளவுக்கு எண்ணெய் விடுவார்.

ஆனால் விட விட அது கசிந்தது. உள்ளே ஏதோ வளையம் தேய்ந்துவிட்டதாம். புதிது வேண்டுமென்றால் கப்பலில் வரவேண்டும். மதராஸில் கேட்டார், பம்பாயில் கேட்டார். கிடைக்கவில்லை. "அப்போ விட்டுண்டே இருக்க வேண்டியதுதான்" என்றார்.

பின்சீட்டில் அக்கா உட்காருகிற இடத்தில், ஒரு தாம்பாளத்தின் நடுவில் தளும்பத் தண்ணீர் நிறைத்த பித்தளைத் தம்ளரை வைப்பார். கரமனைப் பாலம் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வருவார். தாம்பாளத்தில் எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்ப்பார். ஒருநாள் அநேகமாக ஒன்றுமே சிந்தவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்து அக்காவிடம் காட்டினார். அக்கா அதை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, "நன்னா இருக்கு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் அது நல்ல நாள்.

அக்கா மறுபடியும் உண்டானது அப்போதுதான். டாக்டரம்மாவிடம் காரில்தான் போய்வந்தாள். அவளுக்கு நடக்க ஆசை. அவர் விடமாட்டார். புறப்படுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நாலு மூடியையும் திறந்து பார்ப்பார். அக்கா புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் காத்துக்கொண்டிருப்பாள். ஆறாம் மாசம் வரை ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. அவளைப் படுக்கவைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். "இதோ காரை எடுக்கறேன்" என்று அத்திம்பேரும் ஓடினார். உள்ளே வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கார் கிளம்புகிற சத்தம் கேட்கவில்லை. காத்திருந்தேன். கேட்கவே இல்லை. போய்ப் பார்த்தால், சாக்கின்மேல் கால்கள்.

"அத்திம்பேர், டாக்டரம்மாவை அழைச்சுண்டு வரணும்."

"இதோ. இடது பின்பக்கம் ஒண்ணுதான் பாக்கி."

"அக்காவை ஏத்தப்போறதில்லை, அத்திம்பேர். டாக்டரம்மாவை அழைச்சுண்டு வரத்தான்."

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அப்புறம் மெதுவாக வெளியே வந்தார். அந்த முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. கேனைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் காரில் ஏறினார்.

டாக்டரம்மா வந்தார். எல்லாம் முடிந்தபிறகு நானே கேட்டேன், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று. "முன்னே வந்தாலும் எனக்குச் செய்ய ஒண்ணும் உண்டாயிருந்ததில்லை, மோளே" என்றார். நிஜமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அத்திம்பேர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டாள். வாசற்படிவரை வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கையெல்லாம் எண்ணெய்" என்றார். கிணற்றடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் வருவதற்குள் அக்கா தூங்கிவிட்டாள்.

சில நாள் கழித்து அக்கா பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"நான் வலியில கத்தினா நீங்கோ காருக்கு அடியில போயிடறேள். அங்கே என்ன இருக்கு? நான் இங்கேதானே கிடக்கேன்."

"உனக்காகத்தானே பண்றேன்."

"தெரியும். அதான் ஒண்ணும் சொல்ல முடியலே."

அத்திம்பேர் அக்காவை விட்டு விலகிப்போகிறவர் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அவள் படுகிறதைப் பார்க்க அவரால் முடியாது. இது அக்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன பண்ணுவது?

மூன்றாவது தடவை அவரே ஒரு முடிவுக்கு வந்தார். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அக்கா சொன்ன அன்றைக்கே, நாலு பெட்டியிலும் எண்ணெய் நிரப்பி, காரைக் கொட்டகையில் விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, கொட்டகையைப் பூட்டிவிட்டார். வேலைக்கெல்லாம் பஸ்ஸில் போனார். புழுதியும் வியர்வையுமாக ராத்திரி திரும்பி வருவார். அக்கா வீட்டைவிட்டு இறங்கவில்லை. பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவும் சம்மதித்தார்.

நாலாம் மாசம் தாண்டியது. ஆறாம் மாசம் தாண்டியது. வளைகாப்பு போட்டோம். குழந்தை உதைக்க ஆரம்பித்தது. அக்கா அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். ஒரு உதை பட்டதும் அத்திம்பேர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "நல்ல பலம் இருக்கு" என்றார். அன்று முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டின கொட்டகைப் பக்கம் போகும்போது, பெரிய ஆபத்தை உள்ளே கட்டிப்போட்டுவிட்ட மாதிரி ஒரு நிம்மதி அவர் நடையில் இருந்தது.

மாசம் நிறைந்து ஒருநாள் காலையில் வலி எடுத்தது. டாக்டரம்மாவும் ஒரு மருத்துவச்சியும் வந்துவிட்டார்கள். நான் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். அத்திம்பேர் கிணற்று உருளையைக் கழற்றி விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அது சத்தம் போடுவது அவளுக்குக் கேட்குமாம்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தது. ஆண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை. டாக்டரம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், வாயில் வாய்வைத்து ஊதினார், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார். அழவில்லை.

வெளியே வந்து, "போயி, சாமி" என்றார்.

அத்திம்பேர் கையில் உருளையோடு எழுந்து நின்றார். "எதனாலே?"

"அறியில்லா."

"கார்லே ஏத்தவே இல்லையே."

"இல்லை."

"பின்னே ஏதாவது ஒண்ணு இருக்கணுமே?"

"எனக்கு அறியில்லா, சாமி. அறிஞ்சா பறயமாட்டேனா?" டாக்டரம்மாவின் கண் கலங்கியிருந்தது.

ரத்தத்தில் ஏதோ ஒன்றாக இருந்திருக்கலாம், இப்போதானால் பரிசோதனை பண்ணி ஊசி போட்டிருப்பார்கள் என்று, எங்கள் குடும்பத்தில் டாக்டருக்குப் படித்த ஒரு பெண் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள். அப்போது அதைத் தெரிந்துகொள்ள ஊரில் யாரும் இல்லை.

குழந்தையை ஒரு பழைய வேஷ்டித் துணியில் சுற்றினோம். பக்கத்து வீட்டு வக்கீல் மாமா வந்திருந்தார். கரமனை ஆற்றுப் பக்கம் கொண்டுபோகவேண்டும்.

"கார் இருக்கே. வெய்யில் வேற. எடுத்துண்டு போயிடலாமே" என்றார் மாமா.

"வேண்டாம், மாமா. நடந்தே போறேன்."

இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசற்படி இறங்கினார். மாமா குடை பிடித்தார். தெருவில் பள்ளம் மேடு பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். மாமா வேகமாகப் போய்ப் போய் நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. தெரு திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன். வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வந்து குளித்துவிட்டு என்னிடம் ஒன்று சொன்னார். "கார்னு நெனச்சுண்டு இருந்தேன், ராஜி. காரா இருந்தா சரிபண்ணிடலாம்."

தீட்டுக் கழிந்த மறுநாள். மத்தியானம். அத்திம்பேர் அக்கா படுத்திருந்த அறைக்குள் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவு ஒன்று கொக்கி கழன்று காற்றில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. முழங்காலில் வைத்த கைகள் மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் இருந்தன. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா," என்றாள் அக்கா. "கார்ல எண்ணெய் பார்த்தேளோ?"

"எதுக்கு?"

"மாசக்கணக்கா நிக்கறதே. போய்ப் பார்த்துட்டு வாங்கோ."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நிஜமாத்தான் சொல்றேன். போங்கோ."

எழுந்து போனார். கொட்டகைப் பூட்டைத் திறக்கிற சத்தமும் தார்ப்பாயை இழுக்கிற சத்தமும் கேட்டன. எனக்குக் கோபம் வந்தது.

"இப்பத்தான் வந்து உக்காந்தார். அங்கேயே ஏன் அனுப்பறே?"

"அவர் மூஞ்சியைப் பார்த்தியோடி? பிடிச்சு உக்கார வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, அத்தனை நாளில் முதல் தடவையாக அழுதாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போறும்" என்று அவளே நிறுத்தினாள்.

வழக்கமாக ஆகிற நேரம் ஆகவில்லை. சீக்கிரமே திரும்பிவிட்டார். வாசற்படியில் நின்றார்.

"நாலும் பார்த்தேன். ஒண்ணும் குறையலே. ஓடவே இல்லையோன்னோ, நிறைஞ்சுதான் இருக்கு."

"அப்ப வாங்கோ" என்று அக்கா சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்துக்கொண்டாள்.

அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஒரு காகிதத்தை மடித்து ஜன்னல் கதவிடுக்கில் செருகிவிட்டு வெளியே வந்தேன்.